சட்டமன்றம் தனியே ஒப்புதல் தராத கட்டணத்தை அரசுப் பல்கலைக்கழகம் கட்டாயமாக வசூலிக்கலாமா?

மாநில அரசின் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இந்த ஆண்டுக் கட்டணச் சலானில் ‘மேம்பாட்டுக் கட்டணம்’ என்ற பெயரில் சென்ற ஆண்டு இல்லாத ஓர் இனம் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைச் செலுத்தினால்தான் தேர்வுக்கான ஹால் டிக்கெட் கிடைக்கும் என்கிறார்கள். இதற்காகச் சட்டமன்றத்தில் எந்த மசோதாவும் நிறைவேறியதாகத் தெரியவில்லை. அப்படியானால் இந்த வசூல் செல்லுமா என்பது அவருடைய ஐயம்.

முதலில் நேரடியான விடை. ஒவ்வொரு கட்டணத்துக்கும், ஒவ்வொரு உயர்வுக்கும் சட்டமன்றம் தனித்தனியாக ஒப்புதல் தர வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் கட்டணம் விதிக்கும் அதிகாரம் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டத்தில் வெளிப்படையாகத் தரப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சட்டம் குறிப்பிடும் அமைப்பு, அது குறிப்பிடும் முறையிலேயே கட்டணத்தைத் தீர்மானித்திருக்க வேண்டும். ஆகவே “சட்டமன்றம் ஒப்புக்கொண்டதா?” என்று கேட்பதைக் காட்டிலும், “எந்தப் பிரிவின் கீழ், எந்தக் குழுவின் எந்த நாளிட்ட தீர்மானத்தால்?” என்று கேட்பதே பயன் தரும். பல்கலைக்கழக நிதிப் பிரிவுக் கோப்புகளோடு நீண்ட காலம் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் கேள்விக்கு நிர்வாகத்திடம் விடை தயாராக இருக்கும், இரண்டாவது கேள்விக்குத்தான் பல நேரங்களில் கோப்பைத் தேட வேண்டியிருக்கும்.

அரசமைப்பின் 265ஆம் பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இன்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது. கட்டணத்தை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான். ஆனால் வரி வேறு, கட்டணம் வேறு என்பதை அரசமைப்பே பிரித்து வைத்திருக்கிறது. சேவைக்கான கட்டணத்தை விதிக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு மசோதா பண மசோதா (வரி, அரசின் நிதி போன்றவை பற்றிய தனி வகை மசோதா) ஆகிவிடாது என்று மாநிலங்களுக்கான 199ஆம் பிரிவு சொல்கிறது. ஏழாம் அட்டவணையில், மத்திய அரசும் மாநிலங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் கல்வி 25ஆம் இனமாகவும், அந்தப் பட்டியலில் உள்ள பொருள்களுக்கான கட்டணங்கள் 47ஆம் இனமாகவும் தனித்தனியே நிற்கின்றன. 42ஆவது திருத்தத்துக்கு முன்பு கல்வி பெரும்பாலும் மாநிலப் பட்டியலிலேயே இருந்தது.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்த முதன்மையான வழக்கு, அன்றைய சென்னை மாகாணச் சட்டம் ஒன்றிலிருந்து எழுந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளலாம். 1951ஆம் ஆண்டின் சென்னை இந்து சமய அறநிலையச் சட்டம், சமய நிறுவனங்களின் வருமானத்தில் 5 விழுக்காடு வரை அரசுக்குச் செலுத்த வேண்டும் என்றது. உடுப்பியைச் சேர்ந்த சிரூர் மடத்தின் தலைவர் தொடுத்த வழக்கில், 1954ஆம் ஆண்டு நீதிபதி பி. கே. முகர்ஜி எழுதிய தீர்ப்பு, அது கட்டணம் அன்று, வரியே என்று முடிவு செய்தது. வரி என்பது பொதுச் செலவுக்காகக் கட்டாயமாகப் பெறுவது. கட்டணம் என்பது குறிப்பிட்ட ஒருவருக்குச் செய்யும் சேவைக்கு ஈடாகப் பெறுவது. அப்படிப் பெற்ற பணம் அந்தச் சேவைக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். சென்னைச் சட்டத்தில் பணம் மாநிலத்தின் தொகுப்பு நிதிக்கு, அதாவது பொதுக் கருவூலத்துக்குப் போனது, செலுத்துவதற்கும் பெறும் சேவைக்கும் தொடர்பு காட்டப்படவில்லை. பிற்காலத் தீர்ப்புகள், குறிப்பாக 1983இல் வந்த ஸ்ரீநிவாசா ஜெனரல் டிரேடர்ஸ் வழக்கு, இந்த ஈட்டுக்கணக்கைத் தளர்த்தின. பைசாவுக்குப் பைசா சேவை காட்ட வேண்டியதில்லை, பொதுவான தொடர்பு இருந்தால் போதும் என்பதே இன்றைய நிலை.

பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் இந்த அளவுகோலில் பெரும்பாலும் கட்டணங்களே. பாடம் நடக்கிறது, ஆய்வகம் திறந்திருக்கிறது, விடைத்தாள் திருத்தப்படுகிறது; பணம் பல்கலைக்கழக நிதியில் சேர்ந்து அங்கேயே செலவாகிறது. ஆகவே 265ஆம் பிரிவை மட்டும் நம்பி வழக்குத் தொடுப்பவர் பெரும்பாலும் தோற்பார். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

அதனால் கட்டணத்துக்குச் சட்ட அதிகாரமே தேவையில்லை என்று பொருளாகாது. இந்த இடத்தில்தான் நிர்வாகங்கள் தவறு செய்கின்றன. 1952ஆம் ஆண்டிலேயே, ஜலாலாபாத் நகர் ஊர்க்குழு காய்கறி மொத்த வியாபாரிகள் மீது துணைவிதி மூலம் கட்டணம் விதித்தபோது, முகமது யாசின் என்ற வியாபாரி தொடுத்த வழக்கில், மூலச் சட்டம் தராத அதிகாரத்தைத் துணைவிதி உண்டாக்கிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டணத்தை நீக்கியது. 1992ஆம் ஆண்டின் அகமதாபாத் நகர வளர்ச்சி ஆணைய வழக்கு நம் மாணவியின் நிலைக்கு இன்னும் நெருக்கமானது. அங்கும் சர்ச்சைக்கு உள்ளானது மேம்பாட்டுக் கட்டணம் என்ற பெயரில் வாங்கிய பணம்தான். நகரை வளர்க்கும் பொறுப்பு ஆணையத்துக்கு உண்டு என்பதால், அதற்கான பணத்தை வசூலிக்கும் அதிகாரமும் உள்ளுறையாக இருக்கிறது என்று ஆணையம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வரியோ கட்டணமோ, விதிக்கும் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். பொறுப்பு இருப்பதால் அதிகாரமும் இருப்பதாக ஊகித்துக்கொள்ளக் கூடாது என்றது. அது கல்விக் கட்டண வழக்கு அன்று என்றாலும், சட்டத்தால் உருவான எந்த அமைப்பின் கட்டணத்தை ஆராயும்போதும் துணைக்கு வரும் தீர்ப்பு. “வளாகத்தை மேம்படுத்துவது எங்கள் கடமை, ஆகவே மேம்பாட்டுக் கட்டணம் வாங்குகிறோம்” என்பது மட்டுமே ஒரு பல்கலைக்கழகத்தின் பதிலாக இருந்தால், அந்தப் பதில் போதாது.

அப்படியானால் பல்கலைக்கழகச் சட்டங்கள் என்ன சொல்கின்றன? நம் நாட்டுப் பல்கலைக்கழகச் சட்டங்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. அதிகாரங்களைப் பட்டியலிடும் பிரிவில், வகுத்துரைக்கப்பட்டவாறு (அதாவது விதிகள் சொன்ன முறையில்) கட்டணங்களையும் பிற தொகைகளையும் கோரவும் பெறவும் பல்கலைக்கழகத்துக்கு அதிகாரம் உண்டு என்ற வகையில் ஒரு வரி வரும். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய 2009ஆம் ஆண்டின் மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் 6ஆம் பிரிவு இந்த அதிகாரத்தைத் தருகிறது. படிப்புகளுக்கும் தேர்வு, பட்டம் ஆகியவற்றுக்குமான கட்டணங்களை ‘ஆர்டினன்ஸ்’ மூலம் வகுக்கலாம் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. ஆர்டினன்ஸ் என்றதும் ஆளுநரோ குடியரசுத் தலைவரோ பிறப்பிக்கும் அவசரச் சட்டம் என்று எண்ணிவிட வேண்டாம். பல்கலைக்கழக வழக்கில் அது அதன் ஆட்சிக்குழுவோ செயற்குழுவோ இயற்றும் உள்விதி. அதற்கு மேல் ‘ஸ்டாட்யூட்’ எனப்படும் சட்டவிதி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேல் மூலச் சட்டம் இருக்கிறது. பதிவாளரின் சுற்றறிக்கை இந்த அடுக்கில் எங்கும் இல்லை. எடுத்த முடிவைத் தெரிவிக்கும் தாள் அது; தானாக எந்த அதிகாரத்தையும் அது உண்டாக்காது.

“வகுத்துரைக்கப்பட்டவாறு” என்ற அந்த ஒரு சொல்லில்தான் முழு விவகாரமும் அடங்கியிருக்கிறது. சட்டமன்றம் தன் ஒப்புதலை ஒருமுறை, சட்டம் இயற்றிய நாளிலேயே தந்துவிட்டது. ஆனால் நிபந்தனையோடு தந்தது. தொகையை நிர்ணயிப்பதைக் கீழமைப்புகளிடம் விடலாம் என்பதை, வரி விதிப்பிலேயே கூட, 1965இன் லிபர்ட்டி சினிமா வழக்கும் 1968இன் பிர்லா காட்டன் மில்ஸ் வழக்கும் ஏற்றுக்கொண்டன. வழிகாட்டும் கொள்கையோ கட்டுப்பாடோ சட்டத்தில் இருந்தால் போதும். ஆனால் சட்டம் ஆட்சிக்குழுவிடம் ஒப்படைத்ததை ஆட்சிக்குழு துணைவேந்தரிடமும், துணைவேந்தர் ஒரு துணைக்குழுவிடமும் தள்ளிவிட முடியாது. ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தை மறுபடி ஒப்படைக்க, சட்டமே இடம் தந்திருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை வெறும் ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் விடுதிக் கட்டண விவகாரம் சான்று. 2019 அக்டோபரில் அங்கே வெளியான புதிய விடுதிக் கையேடு, தனி அறையின் மாத வாடகையை 20 ரூபாயிலிருந்து 600 ரூபாயாகவும், இருவர் தங்கும் அறையின் வாடகையை 10 ரூபாயிலிருந்து 300 ரூபாயாகவும் உயர்த்தியது. மாதம் 1,700 ரூபாய் சேவைக் கட்டணம் என்ற புதிய இனமும் வந்தது. பெரும் போராட்டத்துக்குப் பிறகு இவற்றில் சில குறைக்கப்பட்டன. மாணவர் சங்கம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வைத்த வாதத்தைக் கவனியுங்கள். நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை என்று அவர்கள் வாதிடவில்லை. பல்கலைக்கழகத்தின் 1966ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் உள்விதிகளுக்கும் மாறாக, முடிவெடுக்கும் விடுதி நிர்வாகக் குழுவில் மாணவர் பிரதிநிதிகளுக்கு இடமே தராமல் முடிவு எடுக்கப்பட்டது என்பதே அவர்கள் வாதத்தின் முனை. 2020 ஜனவரி 24 அன்று நீதிமன்றம், இன்னும் பதிவு செய்யாத மாணவர்கள் ஒரு வாரத்துக்குள் பழைய விடுதிக் கட்டணத்திலேயே, தாமதக் கட்டணம் இன்றிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. அது இறுதித் தீர்ப்பு அன்று. ஆயினும் நடைமுறை பற்றிய கேள்வி எவ்வளவு விரைவாக ஒரு மாணவருக்கு நிவாரணம் பெற்றுத் தரக்கூடும் என்பதை அது காட்டியது.

தமிழ்நாட்டு அனுபவம் சற்று வேறானது. இங்கே கட்டணப் பிரச்சினைகள் பெரும்பாலும் அரசாணையாலும் அமைச்சரின் அறிவிப்பாலும் தீர்கின்றன. 2023ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் இளநிலைத் தேர்வுக் கட்டணத்தைத் தாள் ஒன்றுக்கு 150 ரூபாயிலிருந்து 225 ரூபாயாக உயர்த்தியது; எதிர்ப்பு எழுந்ததும், அந்தப் பருவத்துக்கு உயர்வு நிறுத்திவைக்கப்படுவதாக உயர்கல்வி அமைச்சர் அறிவித்தார். சிதம்பரத்தில் நடந்தது இதைவிடப் பெரியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றி மாநில அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகும் அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்தரை லட்சம் ரூபாய் வாங்கப்பட்டது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் 13,610 ரூபாய்தான். 2020 டிசம்பரில் தொடங்கி 50 நாள்களுக்கும் மேலாக மாணவர்கள் போராடிய பிறகு, 2021 தொடக்கத்தில் கல்லூரியைச் சுகாதாரத் துறைக்கு மாற்றி, அரசுக் கல்லூரிகளின் கட்டணமே இங்கும் வாங்கப்படும் என்று அரசு ஆணையிட்டது. ஒரு மாணவரின் ஆண்டுச் சுமையை நாற்பதில் ஒரு பங்காகக் குறைத்த இந்த மாற்றத்துக்கும் சட்டமன்றத் தீர்மானம் தேவைப்படவில்லை. உயர்த்துவதற்குத் தேவைப்படாத ஒன்று, இறக்குவதற்கும் தேவைப்படவில்லை. அந்த மாணவர்கள் வெற்றி பெற்றதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனால் அரசாணையால் குறைந்த கட்டணம் இன்னோர் அரசாணையால் ஏறவும் கூடும் என்பதால், அதை நிலையான உரிமையாகக் கருதிவிட முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். அரசு நேரடியாக நடத்தும் கல்லூரிகளுக்குத் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், அரசமைப்பின் 162ஆம் பிரிவு தரும் நிர்வாக அதிகாரத்தைக் கொண்டு அரசு கட்டணம் குறிக்கலாம். தன் சட்டம் இயற்றும் வரம்புக்குள் உள்ள ஒரு துறையில் செயல்பட, ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே ஒரு சட்டம் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்று 1955இல், பஞ்சாப் பாடநூல் வெளியீடு பற்றிய ராம் ஜவாயா கபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பல்கலைக்கழகத்தின் நிலை அப்படியன்று. அது சட்டத்தால் பிறந்தது. அந்தச் சட்டத்தின் நான்கு மூலைகளுக்கு வெளியே அதற்கு அதிகாரம் கிடையாது. அரசாணை ஒன்றைக் காட்டி, சட்டம் விதித்த நடைமுறையைப் பல்கலைக்கழகம் தாண்டிவிட முடியாது. டி. எம். ஏ. பாய், இஸ்லாமிக் அகாடமி, இனாம்தார் என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகள் அடிப்படையில் தனியார் நிறுவனங்களின் கட்டணம் பற்றியவை. அவற்றை வைத்து அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தைத் தாக்கவோ காக்கவோ முயல்வது வாதத்தைக் குழப்பவே செய்யும்.

சட்டமன்றமே ஒவ்வொன்றையும் தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணம் வேறு நாடுகளில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், பல்கலைக்கழகங்களின் ஆளுநர் குழுவை 2002இன் அரசமைப்புத் திருத்தம் உருவாக்கியபோது கட்டண அதிகாரமும் அதற்குப் போய்விட்டது என்று முன்னாள் ஆளுநர் பாப் கிரஹாம் உள்ளிட்டோர் வழக்காடினர். கல்விக் கட்டணத்தையும் பிற கட்டணங்களையும் நிர்ணயிக்கும் அதிகாரம் சட்டமன்றத்திடமே இருக்கிறது என்று 2013இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் மக்கள் வாக்களித்து ஏற்ற இன்னொரு திருத்தம், சட்டம் அனுமதித்த கட்டணத்தை உயர்த்துவதற்கும் பல்கலைக்கழகத்தின் 13 அறங்காவலர்களில் 9 பேரும், 17 பேர் கொண்ட ஆளுநர் குழுவில் 12 பேரும் ஆதரிக்க வேண்டும் என்றது. கலிபோர்னியாவில் இதற்கு நேர் எதிர்நிலை. அம்மாநில அரசமைப்பே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குத் தன்னாட்சி தந்திருப்பதால், கட்டணத்தை அதை ஆளும் ரீஜன்ட்ஸ் குழு தீர்மானிக்கிறது.

எனக்கு மிகவும் பாடம் தருவதாகத் தோன்றுவது தென்கொரியாவின் அனுபவம். அங்கே தேசியப் பல்கலைக்கழகங்கள் 1960களிலிருந்து கல்விக் கட்டணத்தோடு ‘கிசோங்ஹோ’ எனப்படும் ஆதரவுச் சங்கத்தின் சந்தாவையும் சேர்த்து வாங்கின. பெயரளவில் அது பெற்றோர் முதலியோர் கூடி அமைத்த சங்கம். நடைமுறையில் அந்தச் சந்தாவைக் கட்டாமல் பதிவு செய்ய முடியாது. காலப்போக்கில் அது கல்விக் கட்டணத்தையே மிஞ்சி வளர்ந்தது. சட்ட அடிப்படை இல்லாத இந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று மாணவர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து தொடுத்த வழக்கில், 2012 ஜனவரியில் சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2015 ஜூனில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: பெயர் எதுவாயினும், உண்மையில் அது உயர்கல்விச் சட்டம் அனுமதித்த கல்விக் கட்டணத்தின் தன்மை உடையதே என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தனர். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2015 மார்ச்சில், நாடாளுமன்றம் தேசியப் பல்கலைக்கழகங்களின் நிதி பற்றித் தனிச் சட்டம் இயற்றி அந்தச் சந்தா முறைக்கு முடிவு கட்டியிருந்தது. இறுதித் தீர்ப்பில் தோற்ற வழக்கு, தீர்ப்பு வருவதற்கு முன்பே தன் வேலையைச் செய்துவிட்டது. பெற்றோர் ஆசிரியர் கழக நிதி, முன்னாள் மாணவர் நிதி என்ற பெயர்களில் சலானில் சேரும் தொகைகளைப் பார்த்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

நம் நாட்டில் நாடாளுமன்ற, சட்டமன்ற அவைகளின் மேற்பார்வை என்று ஒன்று இல்லாமல் இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களின் சட்டவிதிகளும் ஆர்டினன்ஸ்களும் அரசிதழில் வெளியாக வேண்டும், நாடாளுமன்றத்தின் இரு அவைகள் முன்பும் 30 நாள்கள் வைக்கப்பட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43ஆம் பிரிவு சொல்கிறது. இரு அவைகளும் ஒத்துக்கொண்டால் திருத்தலாம், நீக்கலாம். ஆனால் நீக்கினாலும் அதற்கு முன் நடந்தவை பாதிக்கப்படா. அதாவது, வாங்கிய பணம் வாங்கியதுதான். அவை முன் வைக்கவே மறந்துபோனாலும் விதி செல்லாததாகிவிடுமா என்றால், ஒப்புதல் எதையும் கோராமல் வெறுமனே வைக்கச் சொல்லும் விதியைப் பொறுத்தவரை ஆகாது என்பதே 1979ஆம் ஆண்டின் அட்லஸ் சைக்கிள் வழக்கு தந்த விடை. மாநிலப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் செனட் எனப்படும் பேரவையில் சட்டமன்ற உறுப்பினர்களும் அங்கம் வகிக்கிறார்கள். ஒரு குடும்பத்தின் ஆண்டுச் செலவைத் தலைகீழாக மாற்றக்கூடிய முடிவின் மீது மக்கள் பிரதிநிதிகளின் கண் இதைவிடக் கூர்மையாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு தொகையையும் சட்டமன்றம் நிர்ணயிக்க வேண்டியதில்லை. புதிய இனம் ஒன்றைச் சேர்ப்பதற்கும், குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதற்குமாவது முன்னொப்புதல் வேண்டும் என்று பல்கலைக்கழகச் சட்டங்களிலேயே எழுதினால் போதும்.

இனி அந்த மாணவி செய்யக்கூடியது. பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதட்டும். இந்தக் கட்டணம் பல்கலைக்கழகச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் விதிக்கப்பட்டது, அதை ஏற்ற சிண்டிகேட் (ஆட்சிக்குழு) கூட்டத்தின் நாளும் தீர்மான எண்ணும் என்ன, நிதிக்குழுவின் பரிந்துரை உண்டா, தொகை எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைக்கப்படுகிறது என்ற நான்கையும் கேட்டு, ஆவணங்களின் நகல்களையும் கோரட்டும். பதிலுக்கு 30 நாள் அவகாசம். வராவிட்டால் அல்லது மழுப்பலாக வந்தால் முதல் மேல்முறையீடு. தீர்மானம் இருந்து, அது சட்டம் சொன்ன குழுவின் தீர்மானமாகவும் இருந்தால், கட்டணம் பெரும்பாலும் நிற்கும். அப்போது எஞ்சுவது, சமத்துவம் பற்றிய அரசமைப்பின் 14ஆம் பிரிவின் கீழ் அது தன்னிச்சையானதா என்ற வாதம்தான். படிப்பின் நடுவில், சேரும்போது தந்த தகவல் ஏட்டில் இல்லாத இனத்தைப் புகுத்தியது அந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கும். தீர்மானமே இல்லாமல் சுற்றறிக்கை மட்டும் இருந்தால், அரசமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுவுடன் சென்னை உயர் நீதிமன்றத்தையோ மதுரைக் கிளையையோ அணுகப் போதுமான காரணம் இருக்கிறது.

அதுவரை ஹால் டிக்கெட்டைப் பணயம் வைக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை. பணத்தைக் கட்டிவிட்டு, “உரிமையை விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபனையுடன் செலுத்துகிறேன்” என்று அன்றே பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதி, விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, சலானின் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும். பிற்பாடு திரும்பப் பெறுவதற்கோ அடுத்த பருவத்தில் ஈடுகட்டுவதற்கோ நீதிமன்றம் ஆணையிடும் நிலை வந்தால், அந்த இரண்டு தாள்களும் கையில் இருப்பவருக்கு வேலை எளிது.